முழங்கால் உயர வேலி

டெலஸ்மாவின் முகத்தைப் பார்க்கக் கூடாதென்றுதான்
சாயல்குடி நர்சரியில் ஏழு செடி வாங்கினேன்.
ஒன்று நாற்பது ரூபாய்.
ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸும் ஒரே கொத்தில்.
சீக்கிரம் அடைச்சிரும்க்கா என்றான் பையன்.
அடைத்தது.
மூன்றாம் மழைக்குள்
அவள் வீட்டு ஓடு மறைந்தது,
கொடிக்கயிறு மறைந்தது,
அவள் புருஷன் இருமுவது மட்டும்
இலைக்குள்ளிருந்து வந்தது.

பெயர் உண்ணிச்செடி என்று
பிற்பாடுதான் தெரிந்தது.
ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.
அடியில் ஒரு புல் கிடையாது.
கறுத்த பழத்தைத் தின்ற பறவைகள்
கிணற்றடியிலும் கல்லறைத் தோட்டத்திலும்
அடும்பு படர்ந்த மணல்மேட்டிலும்
எச்சமிட்டுப் போயின.
நான் வாங்கியது ஏழு.
மூக்கையூரில் இப்போது எத்தனை என்று
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

தவக்காலத்தில் வெட்டினேன்.
கடப்பாரை நார்பர்ட்டுடையது, முதுகு என்னுடையது.
கையில் ஏறிய வாடை மூன்று நாள் இறங்கவில்லை;
ஆஸ்பத்திரியில், ஊசிக்கு வந்த பிள்ளை
அழுவதை நிறுத்தி மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஆறாவது செடியில் சின்னான் கூடு.
வலையின் நீல நூல் சுற்றி,
உள்ளே மூன்று திறந்த வாய்.
அரிவாளைக் கீழே வைத்தேன்.
தாய் வந்தது. அலகில்
அதே கறுத்த பழம்.
பதினொரு நாள் காத்திருந்தேன்,
தினமும் அது ஊட்டுவதையும்
ஊட்டிவிட்டுப் போய் ஊரெல்லாம் விதைப்பதையும்
பார்த்தபடி.

பதிலுக்கு என்ன வைப்பது?
இசங்கு இருக்கா என்று கேட்டேன்.
பையன் சிரித்தான்:
அது ரோட்டோரம் சும்மா கெடக்குமே,
சும்மா கெடக்கறத யாருக்கா விப்பா.
சும்மா கிடப்பதைத் தேடி
இறால் பண்ணை தாண்டிப் போக வேண்டியிருந்தது.
இசங்கு ஒன்பது; ஒன்றின் முள் நகக்கண்ணில்.
உகாய்க் கன்று ஐந்து.
நொச்சி, ஒடித்துச் செருகிய கம்புதான்.
தென்மூலையில், காற்று மணலை வாரி வரும் இடத்தில்
அடும்பின் தண்டு மூன்று முழம்.
நின்று பார்க்கிற பூ அது ஒன்றில்தான்,
அதுவும் மதியத்துக்குள் சுருங்கிவிடும்.

லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
முதல் மாதம் ஊற்றினேன்.
அதற்குப் பிறகு இவை
உப்புக் கிணற்றையே குடித்துக்கொண்டு
நீ போய் உன் வேலையைப் பார் என்பதுபோல் நின்றன.

ஆனால் உயரம்.
முழங்காலுக்கு வரவே இரண்டு ஆண்டு கேட்கும்.
அதுவரை எதுவும் மறையாது.
நான் பல் தேய்ப்பதை அவள் பார்க்கிறாள்.
அவள் போர்வையை உதறுவதை நான் பார்க்கிறேன்.
வாசலில் நாற்காலியில் அவள் புருஷன்,
நான் நினைத்திருந்ததில் பாதி ஆளாக.
நர்ஸ் நான்.
மூன்று வருஷமாக
இலைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமலைக்
கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

பெந்தெகொஸ்தே கழிந்த வாரம் அவள் ஆடு வந்தது.
நான்கு உகாயைக் குருத்தோடு மேய்ந்தது.
நான் குச்சியோடு ஓட, அவள் கயிறோடு வர,
நாலு வருஷத்தில் முதல் பேச்சு:
"மறைக்கத்தான வச்ச,
இத ஆடு திங்கும்னு தெரியாதா?"
"தெரியும்."
"பெறவு?"
வாயில் பதில் வரவில்லை.
"அவருக்குச் சளி எடுத்துப் பார்த்தாச்சா" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள்.
ஆடு மட்டும் திரும்பித் திரும்பி
ஐந்தாவது கன்றைப் பார்த்தது.

இன்று காலை, குழாயடியில்
உண்ணி மறுபடி முளைத்திருக்கிறது.
இரண்டு இலை. பிடுங்கினேன்.
விரலில் அதே வாடை.
இன்னொன்று அவள் பக்கத்தில்,
துவைகல்லின் ஓரம்.
கையை நீட்டினால் எட்டாது.
கூப்பிட வேண்டும்.