ஒன்பதில் எட்டு

பயிற்சியாளர்கள் வாக்களித்து முடித்தாயிற்று.
ஒன்பது கல்லூரிகளில் எங்களுக்கு எட்டாம் இடம்.
ஒன்பதாம் இடத்துக்காரர்கள்
இந்த வருடம்தான் ஹாக்கியே தொடங்குகிறார்கள்.
இன்னும் மட்டைகள் வந்து இறங்கவில்லையாம்.

கோச் ஹேவர்ஸ்டிக் அந்தத் தாளைக்
கதவில் ஒட்டியிருந்தால்
கோபமாவது வந்திருக்கும் எங்களுக்கு.
எட்டாக மடித்து
ஆடும் மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட். பென்சில்வேனியா.
காலை ஆறரைக்கே சோளக்காட்டுப் பக்கமிருந்து
எருவின் வாடை ஏறி வருகிறது.
செயற்கைப் புல்லை நனைக்கின்றன பீய்ச்சிகள்;
உலர்ந்த தரையில் பந்து முரண்டு பிடிக்கும்.
நான்காவது பீய்ச்சி மட்டும் வழக்கம்போல
வேலி தாண்டி
வேதியியல் பேராசிரியரின் காரைக் கழுவுகிறது.

கையிருப்பைச் சொல்லிவிடுகிறேன்.
போன பருவத்தில் போட்டது பத்தொன்பது கோல்.
பதினொன்று ப்ரின் ஓபர்ட் போட்டவை.
ப்ரின் இப்போது ஹாரிஸ்பர்க்கில்
வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளுக்கு
இழப்பீடு கணக்கிடுகிறாள்.
மூன்று, ரெமி கல்ப்பின் பெனால்டி கார்னர்.
ஜூனில் கிழிந்தது ரெமியின் முழங்கால்,
ஆடுகளத்தில்கூட இல்லை,
தம்பியின் பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்த
காற்றடைத்த கோட்டையில் குதித்து.
மீதி ஐந்து.
ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு பருவத்துக்குள் நுழைவது
சில்லறையை எண்ணியபடியே டாக்சியில் ஏறுவது.
மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது.

வாங்கிய கோல்கள் ஐம்பத்திரண்டு.
அதில் ஒன்றுகூட என் கணக்கில் இல்லை.
மூன்று வருடம் நான் இரண்டாவது கோல்கீப்பர்:
கவசம் முழுவதும் கட்டிக்கொண்டு,
மழைக்கு வெளியே மறந்துவிட்ட சோபா மாதிரி
பெஞ்சின் ஓரத்தில் ஊறிக்கொண்டிருந்தவள்.
மரியேல் பட்டம் வாங்கிப் போனாள்.
போகும்போது எனக்கு விட்டுப்போனது
அந்த இடத்தையும்
கால்கவசத்தின் நாற்றத்தையும்.
எத்தனை சோப்பு போட்டாலும்
அது இன்னும் மரியேலுடையதுதான்.

இந்த வருடம் புதிதாக வந்தவர்கள் ஆறு பேர்.
ஐவர் பேசுகிறார்கள்.
கோரா ஸ்வைகர்ட் பேசுவதில்லை.
இடதுகைக்காரி.
ஹாக்கியில் இடதுகை மட்டை என்று ஒன்று கிடையாது;
தட்டையான பக்கம் எல்லோருக்கும் ஒரே பக்கம்.
பிறந்ததிலிருந்து மாற்றிப் பிடித்தே வளர்ந்தவள்
மட்டையைக் கவிழ்த்து,
தரையோடு தரையாகச் சாய்ந்து,
விளிம்பால் அறைகிறாள் பாருங்கள்,
பந்து கிளம்புவது தெரிகிறது.
வந்து சேர்வது பின்னாலிருந்து
பலகை சொல்லித்தான் தெரிகிறது.

நேற்று என் எதிரே இருபது பந்து.
பதினான்கு உள்ளே.

இரவெல்லாம் இதைத்தான் புரட்டிக்கொண்டு கிடந்தேன்.
அவள் அவ்வளவு நன்றாக அடிக்கிறாளா,
நான் இவ்வளவு மோசமாகத் தடுக்கிறேனா?
முதலாவது சரியென்றால்
எட்டை நாங்கள் ஐந்தாக்கலாம், நான்காக்கலாம்.
இரண்டாவது சரியென்றால்
மட்டை வந்து சேராத அந்தக் கல்லூரிக்கு
இப்போதே வாழ்த்துச் சொல்லிவிடலாம்.
இரண்டுமே சரியாக இருக்கவும் வழியிருக்கிறது,
அப்போது எல்லா ஆட்டமும் ஏழுக்கு ஆறு.
கோச் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார்.
தலைகீழாக எட்டிப் பார்த்தேன்:
"டயர் காற்று", "வாழைப்பழம் 4 சீப்பு".

இன்று காலை மறுபடி.
பதினேழாவதோ பதினெட்டாவதோ பந்து
என் இடது பாதத்தில் மோதித்
திசை கெட்டுத் தெறித்தது.
நான் தடுத்தேன் என்று சொல்லமாட்டேன்,
கால் அங்கே இருந்தது.
எல்லோரும் மட்டையால் தரையைத் தட்டினார்கள்.
கோரா தட்டவில்லை.
வேலி தாண்டி நடந்தாள்,
பேராசிரியரின் நனைந்த காருக்கடியில்
வயிறு படப் படுத்துத் துழாவினாள்.
தெரிந்தது இரண்டு ஷூ மட்டும்.

சனிக்கிழமை முதல் ஆட்டம்.
பேருந்து ஐந்தே முக்காலுக்கு.

காருக்கடியிலிருந்து
மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் குரல்:
"அது எப்படி உனக்குத் தெரிந்தது?"

முகமூடியை இறக்கிக்கொண்டேன்.
பதில் தெரியாதது
வெளியே தெரியக் கூடாது, சனிக்கிழமை வரைக்கும்.