லைன்

பயிற்சிப் புத்தகத்தில் மூன்றங்குல இடம் விட்டிருக்கிறது.
தமிழ்க் கருத்து எழுதுக: லைன்.
"வாப்பா, நீங்கதானே லைன்மேன், சொல்லுங்க" என்கிறாள் றிஸ்லா,
நான் சப்பாத்து நாடாவை அவிழ்க்கவே இல்லை.

விடிந்ததிலிருந்து அந்தச் சொல்லோடுதான் கிடந்தேன்.
அட்டப்பள்ளத்தில் முருங்கை முறிந்து லைனில்.
ஏணி வருமுன்னே ஐம்பது பேர் போன் எடுத்தார்கள்,
லைன் எப்ப வரும்?
லைனில நில்லுங்க என்றேன்.
நின்றார்கள், பெற்றோலுக்கு நின்ற மாதிரி.
அந்த லைனில் மூன்று நாள் நின்றுதான்
எனக்கு முன்னாலிருந்த ஓட்டோக்காரர்
மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்.

கோடு என்று எழுதலாம்.
கடல் எடுத்த வருசம் மணலில் ஒன்று கீறி
இதற்கங்கால் வீடு கட்டேலாது என்றார்கள்.
எங்கள் கிணறு அங்கால்,
தகரக் கொட்டில் இங்கால்.
வாளி எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

வரிசை என்று எழுதலாம். கம்பி என்றும்.
டியூட்டரி வாசலில் உன் உம்மாவுக்கு நான் போட்டதும்
லைன்தான், அதைப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா?
குசினிக்குள் கரண்டி விழுகிறது. சிரிக்கிறாள்.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சிருக்கிறது:
செத்த லைனைத் தொடு,
உசிரோட இருக்கிறதைத் தொடாதே.
கிருபைராசா தொட்டான்.
செத்துட்டு, ஏறு என்று
கீழே நின்று சொன்னது நான்.

கல்முனை ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில்
பச்சையாய் ஒரு லைன்
ஏறி, இறங்கி, ஏறி,
காரைதீவிலிருந்து அவன் பெண்சாதி
செருப்பில்லாமல் ஓடி வந்து சேர்கையில்
நேராகிவிட்டது.

இவள் கோடு என்றே எழுதிவிட்டாள்.
அடுத்தது: ஒன்று கீறிக் காட்டுக.
பெட்டிக்குள், மேசைக்குக் கீழே, பாயைத் தூக்கி
அடிமட்டம் தேடுகிறாள்.
"நேரா வராட்டி டீச்சர் பிழை போடுவா, வாப்பா."

அடிமட்டம் என் தொடைக்கடியில் கிடக்கிறது.
நான் எழும்பவில்லை.

கையாலேயே கீறு, மகள்.
கொஞ்சம் நெளியட்டும்.