நீச்சல் அட்டையில் ஒரு பெருக்கல் குறி

காலை ஏழே முக்காலுக்கு
மீன்வாடை போகாத கையோடு
சனாயே அட்டையை நீட்டுகிறாள்.
உடல்சூடு முப்பத்தாறு புள்ளி ஆறு.
காலையில் சாப்பிட்டது சோறு, முட்டை.
நகம் வெட்டியாயிற்று.
நீரில் இறங்கலாமா என்ற கட்டம் மட்டும்
வெறுமையாய் இருக்கிறது.
"நீங்களே போட்டுவிடுங்கள், டீச்சர்" என்கிறாள்,
என் முகம் பார்க்காமல்.

போடுகிறேன்
ஒரு பெருக்கல் குறி.

ரின்தாரோவுக்கு நாலரை வயது.
மே மாதம் அக்குளில் ஒன்று இருந்தது.
கடுகளவு, தோலின் நிறம்,
மெருகேற்றியதுபோல் ஒரு பளபளப்பு,
உச்சியில் ஊசி தொட்ட குழி.
ஜூனில் ஏழு.
இப்போது நான் எண்ணுவதில்லை.
குறி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த ஊரில் அதை நீர்மரு என்கிறோம்.
நீர் பாவம், அது ஒன்றும் செய்வதில்லை.
தோலோடு தோல் மருவினால் வருகிற மரு.
ஒரே துண்டு, ஒரே மிதவைப் பலகை,
மதியத் தூக்கத்தில்
பக்கத்து மெத்தைவரை நீளும் ஒரு கால்.
ஒருவரையொருவர் தொடாமல் இருந்தால் வராதுதான்.
அப்படி இருக்கிற பிள்ளையை
சகாதாவில், இந்தப் பதினோரு வருடத்தில்
நான் கண்டதில்லை.

ஆற்றங்கரை மருத்துவர் பிடுங்கிவிடுவார்.
ஒரு மணி நேரம் முன்பே
மரத்துப்போகச் செய்யும் பட்டையை ஒட்டி,
வளைய முனைச் சாமணத்தால், ஒவ்வொன்றாய்.
சனாயே கூட்டிப்போனாள்.
அவன் அழவில்லையாம்.
"எடுத்ததை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டானாம்.
பஞ்சின்மேல் மூன்று நொய்யரிசி.
நாலாவதற்கு முன்
அவள்தான் எழுந்துவிட்டாள்.

ரயிலடி மருத்துவர் வேறு மாதிரி:
"விடுங்கள், தானே போகும்."
எப்போது?
"ஆறு மாதம். இரண்டு வருடமும் ஆகலாம்."
எப்படிப் பார்த்தாலும்
இந்தக் கோடை போயிற்று.

நீரில் இறங்கலாம், துண்டுதான் தனி வேண்டும்,
என்கிறார்கள் இருவரும்.
ஆனால் சென்ற ஆண்டு
தொலைபேசியில் என்னிடம் கத்திய மூன்று பேரும்
மருத்துவர்கள் இல்லை.

ஆகவே அவன் கையில் பூவாளி.
குளத்தின் ஓரம், தக்காளித் தொட்டிகள்.
இருபத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலுக்கு முதுகு காட்டி
ஒரே செடிக்கு
ஐந்தாம் முறை நீர் ஊற்றுகிறான்.
செடி மூழ்குகிறது.
நான் தடுக்கவில்லை.

பிறகு சிஹோகோ ஏறி வந்தாள்,
சொட்டச் சொட்ட.
தொட்டிகளின் வரிசையில், கடைசித் தக்காளிக்கு அடுத்து,
கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு
அசையாமல் நின்றாள்.
"நானும் செடி" என்றாள்.
அவன் யோசித்தான்.
ஊற்றினான்.
அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது:
கத்தரி, பூசணி, பெயர் தெரியாத ஒரு மரம்,
ஒருவன் மட்டும் டைனோசர்.
குளத்தில் யாருமில்லை.
அட்டையில் இதற்குக் கட்டம் கிடையாது;
மாலை சனாயேயிடம் நானும் சொல்லவில்லை.

செப்டம்பரில் என் மணிக்கட்டில் ஒன்று.
கடுகளவு, மெருகு, குழி.
முழுக்கைச் சட்டை போட்டேன்.
யாரும் என்னிடம் அட்டை கேட்கவில்லை.
இரவில் விளக்கடியில்
அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்தச் சின்னக் கை
என்னை எப்போது பிடித்தது?

நவம்பர். கடலிலிருந்து ஆலங்கட்டி.
நனைந்த பனியனை மாற்றும்போது
ரின்தாரோ கையைத் தூக்கி அக்குளில் தேடுகிறான்.
வயிற்றில் தேடுகிறான்.
எங்கும் வழவழப்பு.
என்றைக்குப் போனது,
யாரும் குறித்துவைக்கவில்லை.
"டீச்சர், அதெல்லாம் எங்கே போச்சு?"
கொஞ்சம் ஏமாற்றம் அவன் குரலில்.

"தெரியலையே" என்கிறேன்,
சட்டைக்கையை
விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.