நேரத்துக்கான கட்டம்

ருஸ்தவி விளையாட்டரங்கில்
கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே
என் மேசை.
ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம்,
சொட்டு விழ ஒரு பிளாஸ்டிக் வாளி.
மற்ற நாட்களில் உருக்காலையில்
சம்பளக் கணக்கு பார்ப்பவள் நான்.
குத்துச்சண்டையில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
எந்தக் கட்டத்தில் எதைத் தட்டச்சு செய்வது என்பதுதான்.

பதினேழு நாடுகள்.
ஐம்பத்துநான்கு கிலோவில் இருபத்தொரு பெண்கள்,
காதில் பஞ்சு, கண்ணடியில் கருநீலம்.
எண்பத்தொன்றுக்கு மேல்
நான்கே பேர்.

நான்கு பேர் என்றால் நேரே அரையிறுதி.
தோற்கும் இருவருக்கும் வெண்கலம்.
மூன்றாம் இடத்துக்கென்று இங்கே யாரும் மோதுவதில்லை,
அடிபட்டவர்களை மறுபடி அடிபட விடவேண்டாம் என்று
எப்போதோ யாரோ இரங்கியிருக்கிறார்கள்.
ஆகவே திங்கட்கிழமை காலை
கிண்ணத்திலிருந்து கடைசிச் சீட்டை எடுத்தபோதே
நான்கு கழுத்திலும் ஏதோ ஒன்று
தொங்க ஆரம்பித்துவிட்டது.

வியோரிகா சுர்கான், மால்டோவா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
ஈரப் போர்வை சுமந்து திரண்ட தோள்கள்.
அன்றிரவு உணவுக்கூடத்தில்
அவள் அணிக்காரி ஒருத்தி,
இரண்டு பேரை வென்றும்
காலிறுதியில் மூன்றுக்கு இரண்டு என்று வெளியேறப்போகிறவள்,
அது இன்னும் தெரியாமல் சிரித்தாள்:
"உட்கார்ந்தே பதக்கம் வாங்கினவளே,
அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளு."
எல்லோரும் சிரித்தார்கள்.
வியோரிகா உப்பைத் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை முதல் அரையிறுதி நடக்கவில்லை.
குரோவேஷியாவின் துப்ராவ்காவுக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்.
போலந்துக்காரி மட்டும் வளையத்தில் ஏறி,
கையைத் தூக்கிக் காட்டி, இறங்கிப் போனாள்.
நேரம் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு போட்டேன்.

இரண்டாவது அரையிறுதியை நான் பார்க்கவில்லை.
திரைக்குப் பின்னால் இருந்தேன்.
கேட்டேன்:
கசாக் ரௌஷானின் இடது கை
ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல்.
மணி.
மறுபடி அறைதல். நடுவர் எட்டு வரை எண்ணும் குரல்.
மணி.
பிறகு பயிற்சியாளர் துண்டை எடுத்திருக்கவேண்டும்,
ஏனென்றால் வாய்க்காப்பு அடைத்த வாயோடு
ஒரு பெண் கத்தினாள். சொல் புரியவில்லை,
பொருள் புரிந்தது.
துண்டு விழவில்லை.

சீட்டு வந்தது:
நடுவர் நிறுத்தினார். மூன்றாம் சுற்று. 1:52.

ஞாயிறு. பதக்கப் பட்டியல்.
தங்கம், போகுமிலா, போலந்து.
வெள்ளி, ரௌஷான், கசகஸ்தான்.
வெண்கலம், துப்ராவ்கா.
வெண்கலம், வியோரிகா.
போலந்தின் கீதம் முடிந்து
நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
அவள் என் மேசைக்கு வந்தாள்,
ஒரு கண் முழுக்க மூடி.
கடைசி இரண்டு வரிகளைக் காட்டி
உடைந்த ரஷ்ய மொழியில் கேட்டாள்:
"இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

ஒரே சொல்தான். விதி.
அவள் கோபப்படவில்லை. காய்ச்சல்காரிமேலும் இல்லை;
அவளுக்கு இவள்தான் தேநீர் கொண்டுபோனதாகப்
பிறகு கேள்விப்பட்டேன்.
"நான் ஏறினேன் என்று எங்காவது எழுத முடியுமா?"

அப்படி ஒரு கட்டம் இல்லை.
வேறென்ன செய்ய?
வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்து வைத்தேன்.
துப்ராவ்காவின் வரியில் கோடு.
அவள் வரியில் 1:52.
ஜெயித்தவளின் வேகத்தைச் சொல்ல வந்த எண்.
அதன்மேல் விரலை வைத்து
வாய்க்குள் கூட்டினாள்:
மூன்று, மூன்று, ஒன்று ஐம்பத்திரண்டு.
"ஏழு ஐம்பத்திரண்டு."

பதினெட்டு வருஷமாக
மற்றவர்களின் மணிநேரங்களைக் கூட்டி வருகிறேன்.
சரிபார்த்தேன்.
சரிதான்.

பிரதி ஒன்று கேட்டாள்.
மை தீரும் நேரம்; தாள் வெளுத்து வந்தது,
அந்தக் கடைசி இரண்டு
இருந்தும் இல்லாமலும்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் என் பேனாவை எடுத்து,
வீங்கிய விரல்களுக்கிடையில் எப்படியோ பிடித்து,
இரண்டின்மேல்
இன்னொரு இரண்டு எழுதினாள்.
தாள் லேசாகக் கிழிந்தது.