முழங்கால் வரைக்கும்

சாம்பல் நீல ஷிஃபோன், இரண்டரை மீற்றர், அரை விலை.
வாங்கும்போதே தெரியும்:
அதற்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால்
மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கலாம்.

மூன்று இரவு தைத்தேன்.
எட்டுத் துண்டு. இடுப்புக்கு இலாஸ்டிக் இல்லை, சிப்.
சிப்பை இரண்டு தரம் பிரித்தேன், ஓர் ஊசி உடைந்தது.
போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றால்
பாவாடையைத் தவிர எல்லாம் தெரிந்தது.

பீல் நகரம் எதையும் இரண்டு தரம் சொல்லும்.
தெருப்பலகை, பஸ் அறிவிப்பு,
பாணுக்கு நன்றி சொல்வது கூட.
துணிக்கடைத் திருமதி ஏபிஷரும் அப்படித்தான்.
லைனிங் என்று கேட்டால்
அவவின் டொச்சில் அதற்கும் மாட்டுத் தீனிக்கும் ஒரே சொல்;
பிரெஞ்சில் அதற்கும்
நாயகிக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவளுக்கும் ஒரே சொல்.
தீனியா, டூப்பா,
ஏதோ ஒன்று தாங்கோ என்றேன்.
வெள்ளிக்கிழமை விருந்து. கடிகாரத் தொழிற்சாலையில்
முள் பொருத்தத் தொடங்கி இருபது வருடம்.

வெள்ளையை வைத்தோம்: ஆஸ்பத்திரித் திரைச்சீலை.
கறுப்பை வைத்தோம்: நீலம் மூச்சுவிட மறந்தது.
பொலியெஸ்டர் வேண்டாம்,
இந்தக் குளிரில் காலுறையோடு ஒட்டிக்கொண்டு
நடக்க நடக்கப் பொறி பறக்கும் என்றா.
பிறகு ஓர் உருளையை இழுத்தா.
சீட்டில் 'தோல் நிறம்' என்று இருந்தது.
நான் கையை நீட்டி அதன்மேல் வைத்தேன்.
அவவும் தன் கையை வைத்தா.
அவித்த இறால் நிறம்.
இரண்டு பேருடையதும் இல்லை.
சிரிப்பை அடக்க முடியாமல்
உருளையைத் திருப்பி அடியில் செருகினா.

மிஞ்சியது நாவல்பழ நிறம்.
பாரமில்லை, வழுக்கும், சத்தம் போடாது.
மேலே ஷிஃபோனைப் போட்டதும்
ஏரியில் மழை இறங்கும் நேரம் போல ஏதோ ஆனது.
கடைக்குள் வெளிச்சத்தை நம்பக்கூடாதென்று
இரண்டையும் என் இடுப்பில் ஊசியால் குத்தி
வாசலுக்குத் தள்ளினா.
அறுபது வயதில் நடைபாதையில் குந்தியிருந்து
'நடவுங்கோ' என்றா.
ஏழாம் இலக்க பஸ் முழுதும் பார்த்தது.
நடந்தேன்.

வீட்டில் வேறு வழக்கு.
நிறம் சரி, நீளம்?
வாமதேவன் மேசையடியில் நின்று சொன்னார்:
கடைசி வரை போடும், கால் தெரியும்.
கால் தெரியும்தான்.
இடது முன்னங்காலில் ஒரு சாண் நீளத் தழும்பு.
பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்:
போரிலா?
இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால்,
உறைந்த தெரு, சைக்கிள்,
கூடையிலிருந்து உருண்ட ஒரு கிலோ வெங்காயம்.
சொன்னால் நம்பமாட்டார்கள்,
மறைக்கிறாள் பாவம் என்று தோளைத் தொடுவார்கள்.
அலுத்துப்போய் ஒன்றிரண்டு தரம்
ஓம் என்றும் சொல்லியிருக்கிறேன்.
அன்று இரவு சோறு இறங்கவில்லை.

சோக்கட்டியை எடுத்தேன்.
கணுக்காலில் ஒரு கோடு போட்டு அழித்தேன்.
கெண்டையில் ஒன்று, தழும்பைப் பாதியில் வெட்டியது,
அது இன்னும் மோசம்.
கடைசியில் முழங்காலுக்குக் கீழே
இரண்டு விரல்.
கத்தரிக்கோல் நாவல்பழத்துக்குள்
சத்தமில்லாமல் போனது.

வெள்ளி. பஸ் தரிப்பில் ஏரிக் காற்று.
மேல்துணி முன்னால் போக
உள்துணி அரை அடி பிந்தி வந்தது,
வெளிக்கிட மனமில்லாத பிள்ளை மாதிரி.
விருந்தில் சூப் வைக்கும்போதே
பக்கத்து மேசைப் பெண் குனிந்து
என் காலைப் பார்த்து, நிமிர்ந்து,
குரலைத் தாழ்த்தத் தொடங்கினாள்.
எந்த மொழிக்காரி என்று தெரியாது.
நல்லகாலம்,
இந்த ஊரில் ஒரு சொல்லை மட்டும்
இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை.
வெலோ, என்றேன்.