முடிச்சு

முண்டெம்பா பூங்கா அலுவலகப் பதிவேட்டில்
எனக்கு முந்தைய ஆள்
ஐம்பத்து மூன்று நாட்களுக்கு முன்னால் வந்திருக்கிறார்.
பெயர், நாடு, வந்த நோக்கம்.
கடைசிக் கட்டம்: பார்த்த விலங்குகள்.
அதில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தார்.
பேனா தீர்ந்ததா, விலங்கு தீர்ந்ததா என்றேன்.
மழை, என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்தவள்,
எதைக் கேட்டாலும் அதுவே விடை என்பதுபோல.

மானா ஆற்றின் மேல் தொங்குபாலம்.
பலகை இல்லாத இடங்களில் ஆறு.
வழிகாட்டி இட்டோ முன்னால்.
என் அரிசியையும் அடுப்பையும்
என் மூன்று ஜோடிக் காலுறைகளையும்
முதுகுக் கூடையில் சுமந்து மொகுபே பின்னால்.
நடுவில் நான்,
இரு பக்கக் கம்பியையும் விடாமல்,
கம்பிகளிடம் ஏதோ கடன் பட்டவன்போல.

இந்தக் காட்டில் மழை நேராகப் பெய்வதில்லை.
உச்சியில் எங்கோ விழுந்து
இலைக்கு இலை கைமாறி
கடைசி இலைக்கு மனம் வந்தால் நமக்குத் தருகிறது.
வானம் விட்ட பிறகும்
மரங்கள் ஒரு மணி நேரம் விடுவதில்லை.
இட்டோ சொல்லச் சொல்ல
மரங்களின் பெயர்களை எழுதிக்கொண்டேன்.
மாலைக்குள் நோட்டு நனைந்து
எல்லாப் பெயரும் ஊறிக் கலந்து
ஒரே நீல மரம்.

நான் வந்தது ட்ரில் குரங்குக்காக.
கரி பூசிய முகம்,
கீழுதட்டுக்கு அடியில் சிவப்பாய் ஒரு கீற்று.
அதற்காக நான்கு விமானம் மாறியவன்
முதல் நாள் முழுக்கப் பார்த்தது
எறும்புகள்.

இரண்டாம் நாள்
இட்டோவின் உள்ளங்கை என் மார்பில் வந்து நின்றது.
வளைத்துக் கட்டிய இளங்கம்பு.
தரையில், சருகுக்கடியில்,
சிறுமானின் குளம்பு நுழையும் அளவில்
மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி.
மூன்று சுற்று,
நுனியை உள்ளே மடித்து,
கட்டுபவன் கை கிழியாதபடி
அக்கறையாகப் போட்ட முடிச்சு.
இட்டோ தேதி எழுதினான், இடம் எழுதினான், ஒன்று என்று எழுதினான்.
கம்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டான்.
மொகுபே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்,
தாகத்தைவிடச் சற்று அதிக நேரம்.

பிற்பகலில் என் சப்பாத்து வாயைப் பிளந்தது.
ஆயுள் உத்தரவாதம் தந்திருந்தான் கடைக்காரன்,
யார் ஆயுள் என்று சொல்லாமல்.
வேறு வழியில்லை, பையிலிருந்து கம்பி வெளியே வந்தது.
மொகுபே மண்டியிட்டான்.
கத்தி முனையால் துளைத்து, கோத்து, இழுத்து
மூன்று சுற்று.
நுனியை உள்ளே மடித்தான்,
என் குதிகால் கிழியாதபடி.

இட்டோ பார்த்தான்.
நான் பார்த்தேன்.
மொகுபே சப்பாத்தை ஒரு தட்டுத் தட்டி
நடக்கும், என்றான்.

இரவு முகாமில்
மத்தி டின்னை மூவரும் பங்கிட்டோம்.
மகளின் பள்ளியிலிருந்து மறுபடி ஆள் அனுப்பினார்களா
என்று இட்டோ நெருப்பிடம் கேட்டான்.
நெருப்புக்குப் பதிலாக மொகுபே, இரண்டு தவணை பாக்கி, என்றான்.
இட்டோ குறிப்பேட்டைத் திறந்தான்.
பென்சிலை நாக்கில் நனைத்தான்.
வெகுநேரம் கழித்து
மழை, என்று எழுதினான்.

மூன்றாம் நாள் விடியுமுன்
மொகுபே என்னை உலுக்கி எழுப்பி
ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தான்.
இந்த வழியாகத்தான் வரும், என்றான்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
முதலில் உறுமல்,
பிறகு காடே இருமுவதுபோல் கிளைகள்,
எத்தனை என்று எண்ண முடியாத நகர்வு,
இலைகள், இலைகள்,
அவற்றின் நடுவே
ஒரு கை.
பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது.
அவ்வளவுதான்.
என் தோளில் மொகுபேயின் கை
இன்னும் இருந்தது.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
ஒரு கை, என்று எழுதினேன்.
மேசைக்காரி படித்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கோப்பை மூடினாள்.

தூவாலா விமான நிலையத்தில்
சோதனை வாசல் என் காலைப் பார்த்து அலறியது.
சப்பாத்தைக் கழற்றச் சொன்ன பெண்
கம்பியை விரலால் தடவினாள்.
நுனியைத் தேடினாள், அகப்படவில்லை.
யார் கட்டியது, என்றாள்.

நடக்கும், என்றேன்.