கிழக்குச் சுவர்

பேருந்து இறக்கிவிடும் இடத்தில் நகரம் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால்தான்
கஸ்தெல்வாரோ:
ஒரு சதுக்கம், ஒரு மருந்துக்கடை,
முன்னங்கால் இல்லாத சிங்கம் காவல் காக்கும் நீரூற்று,
அப்புறம் மணிக்கூண்டு.

வடக்கே மலை, ஐந்து மாதம் தலையில் பனி.
தெற்கே சரிவெல்லாம் ஆலிவ்.
கிழக்கே எதிரி.
எதிரி என்றால் தோர்வெல்லா:
அதே உப்பில்லா ரொட்டி, அதே புனிதர்,
திருவிழா மட்டும் ஒரு நாள் முந்தி.

நடுவில் ஓடும் ஸ்கெர்னா ஆறுதான் எல்லை என்று
ஆட்டுத்தோலில் எழுதி இரண்டு ஊரும் ஒப்பமிட்டன.
ஆற்றிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

மணிக்கூண்டில் மூன்று பக்கம் கடிகாரம்.
கிழக்குச் சுவர் மொட்டை.
நம் காசில் அவன் ஏன் மணி பார்க்க வேண்டும்?

பிறகு அந்த அக்டோபர்.
ஒன்பது நாள் மழை. பத்தாம் நாள் விடிகையில்
தூக்கத்தில் புரண்டவனைப் போல
ஆறு மேற்கே தள்ளிப் படுத்திருந்தது.
பாலம் இருந்த இடத்தில்தான் இருந்தது,
அடியில் தண்ணீர் இல்லை.
கல்லறைத் தோட்டம் அக்கரையில்.

செத்தவர்கள் அத்தனை பேரும்
ஓரிரவில் தோர்வெல்லாக்காரர்கள்.
தோர்வெல்லா மேல் வழக்காடியே உயிரை விட்ட
பத்திர எழுத்தர் ஃபுல்வியோ தரக்கீயும்
அதில் அடக்கம்.

கல்லறைத் திருநாளுக்குப் படகில் போனார்கள்,
சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக.
கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான் சுங்கக்காரன்.
தலைக்கு ஒரு செம்புக்காசு.
'படுத்திருப்பவர்களுக்கு வேண்டாம்' என்றான்
பெரிய மனதோடு.

குளிர்காலம் முழுக்க நகரசபை கத்தியது.
ஆற்றைத் திருப்பலாம் என்றார்கள்,
எலும்பைத் தோண்டிக் கொண்டுவரலாம் என்றார்கள்.
சுண்ணாம்புச் சூளை நடத்திய ஒர்சோலா பெல்லேய்
எழுந்து கேட்டாளாம்:
'என் பிள்ளை அங்கே கிடக்கிறான்.
அந்தப் பக்கம் மட்டும் சுவர் ஏன் குருடு?'

சாரம் கட்டினார்கள். வட்டம் வரைந்தார்கள்,
பன்னிரண்டு ரோமன் எண்கள், நீலத்தில்.
முள் மாட்டுமுன் பணம் தீர்ந்துவிட்டது
என்கிறது கணக்குப் புத்தகம்.
'அவர்களுக்கு முள் எதற்கு' என்று ஒர்சோலாதான் நிறுத்தினாள்
என்கிறார் மருந்துக்கடைக்காரர்,
இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணியபடி.
தோர்வெல்லாவில் கேட்டால்
வேறு சொல்வார்களாம்.

நான் கேட்கவில்லை, கடைசிப் பேருந்து நாலேகாலுக்கு.
பாதிப் படியில் திரும்பினேன்.
நீலம் உதிர்ந்து ஏழும் எட்டும் காணவில்லை,
ஒன்பதின் மேல் ஒரு புறா.
தூரத்தில் சோளக்காட்டுப் பாலத்தின் நிழலில்
யாரோ டிராக்டரை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழக்க தோஷம்,
மணி என்ன என்று
அந்தச் சுவரைத்தான் பார்த்தேன்.